சிவக்காத கண்



கண்ணில் வைரஸ் தொற்று என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது மெட்ராஸ் ஐ. காலையில் எழுந்தால் பீளை ஒட்டிக்கொண்டு இமை பிரியாது. கண் சிவந்து, மணல் விழுந்ததுபோல உறுத்தும். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வந்தால் அடுத்த வாரம் பாதி வகுப்பு கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும். அத்தனை ஆர்ப்பாட்டம் செய்துவிட்டுப் பெரும்பாலும் அது தானாகவே போய்விடும். பார்வையில் கை வைப்பது அபூர்வம்.

நான் இன்று பேச வந்திருப்பது வேறொரு வைரஸைப் பற்றி. அது வந்தால் கண் சிவக்காது, வலிக்காது, பீளை தள்ளாது. கண்ணாடியில் பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். உள்ளே, கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கிற விழித்திரையை, நீங்கள் ‘கண் நரம்பு’ என்பீர்களே அதை, கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு வரும். அரித்த இடம் மறுபடி வளராது.

சில வருஷங்களுக்கு முன் திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு தையல்காரர் என்னிடம் வந்தார். ஊசியில் நூல் கோக்க வலது கண்ணை மூடியிருக்கிறார். கையில் பிடித்திருந்த ஊசியின் தலையைக் காணோம். வலது கண்ணைத் திறந்தால் ஊசி இருக்கிறது, மூடினால் இல்லை. விளக்கு மங்கல், தூக்கம் போதவில்லை என்று பத்து நாள் தள்ளிவிட்டார். பிறகு கண்ணுக்குள் கொசு பறக்கிற மாதிரி புள்ளிகள் தெரிய ஆரம்பித்ததும் மனைவி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்த்தேன். விழித்திரையில் வெண்ணெய் தடவினாற்போல வெள்ளைத் திட்டு, அதன் நடுநடுவே ரத்தத் தெறிப்பு. இடது கண்ணில் நடுப்பார்வைக்குப் பக்கம் வரை வந்துவிட்டிருந்தது. வலது கண்ணின் ஓரத்திலும் சின்னதாக ஒரு திட்டு. அது அவருக்கே தெரியாது.

“ஏனுங்க டாக்டரம்மா, கண்ணு செவக்கலீங்க, வலிக்கலீங்க. அப்புறம் எதுக்குங்க ஊசி?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வானொலியில் எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் முழுக்க அதற்கான பதில்.

இந்த வைரஸின் பெயர் சைட்டோமெகலோ. ஆஸ்பத்திரியில் சி.எம்.வி. என்போம். சின்னம்மைக்கும் அக்கிக்கும் காரணமான வைரஸின் பங்காளி இது. நம்மில் பெரும்பாலானவர்களுடைய உடம்புக்குள் சின்ன வயதிலேயே நுழைந்திருக்கும். தெரியாமலோ, சாதாரணக் காய்ச்சல்போலவோ வந்து போயிருக்கும். போயிருக்கும் என்று சொன்னது தப்பு, போகாது. உள்ளேயே படுத்துக்கொள்ளும். எதிர்ப்புச் சக்தி காவல் காக்கிற வரைக்கும் தலை தூக்காது. உங்களுக்கும் இருக்கலாம், எனக்கும் இருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை.

காவல் தளர்ந்தால்தான் வம்பு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு சி.டி.4 என்ற அணுக்களை எண்ணிப் பார்ப்பார்கள். நல்ல உடம்பில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்கும். அது 50-க்குக் கீழே இறங்கும்போதுதான் சி.எம்.வி. பெரும்பாலும் கண்ணுக்கு வருகிறது. சிறுநீரகமோ எலும்பு மஜ்ஜையோ மாற்றிக்கொண்டு, உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் வரலாம். ரத்தப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுக்கிறவர்களுக்கும் வரலாம். தையல்காரர் இவர்களில் யார் என்று நான் சொல்லப்போவதில்லை. எங்கள் வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் அதைத்தான் முதலில் விசாரிப்பார்கள். எது காரணமாக இருந்தாலும் அதற்காக யாரும் தலை குனிய வேண்டியதில்லை. ஏறுகிற மருந்தும் ஒன்றேதான்.

அந்த மருந்தின் பெயர் கான்சிக்ளோவிர். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். அப்போது உலகத்தில் எந்த நாட்டிலும் சி.எம்.வி. கண்நோய்க்கென்று அனுமதி பெற்ற மருந்து கிடையாது. எய்ட்ஸ் முற்றியவர்களில் பலர் கடைசி மாதங்களைப் பார்வையில்லாமல்தான் கழித்தார்கள். 1989-இல் அமெரிக்காவில் கான்சிக்ளோவிருக்கு அனுமதி கிடைத்தது. கண்ணுக்குள்ளேயே போடுகிற ஃபோமிவிர்சன் என்ற ஊசி 1998-இல் வந்து, சில ஆண்டுகளில் சந்தையை விட்டே போனது. மருந்தில் குறை என்பதைவிட, வாங்க ஆள் குறைந்துபோனதுதான் காரணம். எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து வந்ததும் சி.டி.4 ஏறியது, கண்நோய் வருகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். இப்படி ஒரு காரணத்துக்காக ஒரு மருந்து கடையைச் சாத்துவது சந்தோஷமான விஷயம்தானே! நம் நாட்டில் அரசு 2004 ஏப்ரலில் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் தொடங்கிய சில மையங்களில் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. ஆனாலும் பரிசோதனைக்கே தாமதமாக வருகிறவர்கள், பாதியில் மருந்தை விட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய கண்ணைத்தான் நாங்கள் இன்றைக்கும் பார்க்கிறோம்.

கான்சிக்ளோவிர் வைரஸைக் கொல்லாது. பெருக விடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. உடம்புக்குள் போகிறபோது அது பாதி மருந்து. அதை முழு மருந்தாக ஆக்குகிற வேலையைத் தொடங்கி வைப்பதே வைரஸ் தயாரிக்கிற ஒரு நொதிதான். தன் கயிற்றைத் தானே முறுக்கிக்கொள்கிற மாதிரி. ஆனால் கயிறு பிடியில் இருக்கிற வரைக்கும்தான் கட்டு. மருந்தை நிறுத்தினால், எதிர்ப்புச் சக்தி திரும்பியிராவிட்டால், விட்ட இடத்திலிருந்து வைரஸ் மறுபடி அரிக்க ஆரம்பிக்கும். ஐந்து நாள் ஆன்டிபயாடிக் போட்டு முடித்தோம் என்கிற கணக்கு இங்கே செல்லாது.

முதல் கட்டம், வழக்கமாக 14 நாளிலிருந்து 21 நாள் வரை. 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில், நரம்பில் ஏற்றுவோம். 50 கிலோ எடையென்றால் ஒரு வேளைக்கு 250 மில்லிகிராம். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர்களுக்குத்தான் இந்த அளவு. மருந்து வெளியேறுவது சிறுநீர் வழியாக என்பதால், சிறுநீரகம் தளர்ந்ததைக் காட்டுகிற கிரியாட்டினின் ரத்தத்தில் கூடினால் அளவைக் குறைப்போம். ஆகவே பக்கத்துக் கட்டிலில் ஏறுகிற அளவைப் பார்த்துவிட்டு “எனக்கு மட்டும் ஏன் கம்மி?” என்று கேட்காதீர்கள். இரண்டாம் கட்டத்தில் தினமும் ஒரு வேளை. இப்போது பலருக்கு வால்கான்சிக்ளோவிர் என்ற மாத்திரையாகவே கொடுக்க முடிகிறது. 2001-இல் வந்தது அது. வயிற்றுக்குள் போய்க் கான்சிக்ளோவிராகவே மாறும். சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும், உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. விலை கொஞ்சம் கடுமை.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், நோய் நடுப்பார்வையை நெருங்கிவிட்டவர்களுக்கும் நரம்பு ஊசி தேவைப்படும். அந்த பாட்டிலைப் பார்த்தால் வெறும் தண்ணீர்போல இருக்கும். ஆனால் கடுமையான காரத்தன்மை உள்ளது, கிட்டத்தட்டச் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி. வெற்றிலையில் சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கலாகப் போனால் வாய் என்ன ஆகும்? அதனால்தான் இதைக் கையிலோ இடுப்பிலோ சதையில் குத்துவதில்லை. ஒரே தள்ளாக ரத்தக்குழாயிலும் செலுத்துவதில்லை. சலைனில் கலந்து, ரத்தம் நன்றாக ஓடுகிற நரம்பாகப் பார்த்து, ஒரு மணி நேரம் நிதானமாக ஏற்ற வேண்டும்.

தையல்காரருக்கு எட்டாவது நாள் என்று நினைக்கிறேன். சாயங்கால டோஸ் ஓடிக்கொண்டிருந்தது. துணைக்கிருந்த மைத்துனருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுவதைப் பொறுமையாகப் பார்த்தவர், நர்ஸ் அந்தப் பக்கம் நகர்ந்ததும் டியூபிலிருக்கிற சக்கரத்தைக் கட்டைவிரலால் மேலே தள்ளிவிட்டார். சொட்டு தாரையானது. இரண்டு நிமிஷத்தில் “கை காந்துதே!” என்று நோயாளி கத்த, நர்ஸ் ஓடிவந்து நிறுத்தினார். ஊசி ஏறிய நரம்பு நெடுக வீங்கிச் சிவந்துபோயிருந்தது. அடுத்த வேளைக்கு வலது கையில் நரம்பு தேட வேண்டியதாயிற்று. தையல்காரருக்கு வலது கை! மைத்துனர் அன்று ராத்திரி ஆஸ்பத்திரித் திண்ணையில்தான் படுத்தார். நான் திட்டவில்லை. திட்டத்தான் நினைத்தேன், ஆனால் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

அந்தச் சக்கரத்தைத் தொடாதீர்கள். வேகமாக ஏறினால் கை நரம்பு புண்ணாவது மட்டுமில்லை, ரத்தத்தில் மருந்தின் அளவு திடீரென உயர்ந்து நஞ்சாகும். நரம்பில் செருகியிருக்கிற குழாய், அதாவது வென்ஃப்ளான், போட்ட இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் “முடியட்டும், பொறுத்துக்கொள்வோம்” என்று பல்லைக் கடிக்காமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து தோலில் சிந்தினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் வெறும் தண்ணீரால் நன்றாக அலசுங்கள். டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தாலொழிய நிறையத் தண்ணீர் குடியுங்கள். ஏசைக்ளோவிர் என்ற மருந்து முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இரண்டும் ஒரே குடும்பம்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. “தினம் தினம் ரத்தம் எடுத்து என்ன பண்றாங்க?” என்று முணுமுணுப்பது என் காதில் விழாமலில்லை. இந்த மருந்து வைரஸைப் பிடிக்கிற கையோடு, ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையையும் கொஞ்சம் அழுத்தும். வெள்ளை அணு குறையலாம், ரத்தசோகை வரலாம், ரத்தம் உறையவைக்கிற தட்டணு இறங்கலாம். வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை 500-க்குக் கீழே போனாலோ, தட்டணு 25,000-க்குக் கீழே போனாலோ மருந்தைக் கொடுக்கக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் முதல் கட்டத்தில் வாரம் இரண்டு தடவையாவது ரத்தம் எடுக்கிறோம். எச்.ஐ.வி. கூட்டு மருந்தில் ஜிடோவுடின் இருந்தால் அதுவும் மஜ்ஜையை அழுத்துகிற மருந்துதான். இரண்டும் சேர்ந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அதனால் கூட்டு மருந்து கொடுக்கிற ஏ.ஆர்.டி. சென்டர் புத்தகத்தைக் கண் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவாருங்கள். “அது வேற வியாதி, இது வேற வியாதி” என்று வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். நாட்டு மருந்து, லேகியம், கஷாயம் எது சாப்பிட்டாலும் சொல்லுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், எனக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் இருக்கும்போது காய்ச்சலோ குளிரோ வந்தால் மாத்திரை போட்டு அமுக்கிவிட்டுப் படுக்காதீர்கள். வெள்ளை அணு குறைந்தவருக்கு அது அபாய மணி, அன்றே வர வேண்டும். தொண்டைப் புண், ஈறில் ரத்தம், அடிபடாமலே உடம்பில் நீலம் கட்டுவது, எல்லாம் அப்படித்தான். மிருதுவான பிரஷ்ஷில் பல் தேய்க்கலாம். வேப்பங்குச்சியைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் சிலருக்கு உண்டு, வண்டியை எடுக்காதீர்கள்.

இன்னொன்றை வார்டில் மெதுவான குரலில்தான் சொல்வோம். வானொலியில் எல்லோர் காதிலும் விழட்டும். இந்த மருந்து வயிற்றில் இருக்கிற குழந்தையைப் பாதிக்கக் கூடியது. விலங்குகளில் நடந்த சோதனைகளில் பிறவிக்குறையும் புற்றுநோயும் பார்த்திருக்கிறார்கள். எனவே பெண்களுக்குக் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் ஆரம்பிப்போம். மருந்து எடுக்கிற காலத்திலும், முடிந்து குறைந்தது 30 நாள் வரையிலும் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் மருந்து முடிந்தும் 90 நாள் ஆணுறை பயன்படுத்த வேண்டும். ஆண்களுக்கு விந்தணு குறையவும் இடமுண்டு. புதிதாகக் கல்யாணமானவர்கள் கூச்சப்படாமல் இதைப் பற்றி முதலிலேயே பேசுங்கள். தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் இந்த மருந்து எடுக்கும்போது கொடுக்கக் கூடாது.

இனி எல்லோரும் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். கண்ணுக்குள் ஊசி.

நோய் நடுப்பார்வைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், நரம்பு வழியாகப் போகிற மருந்து வேலை செய்யும்வரை காத்திருக்க நேரமில்லை. அப்போது கண்ணுக்கே நேராகக் கொடுக்கிறோம். என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். மரத்துப்போவதற்குச் சொட்டு மருந்து விடுவோம். பிறகு பழுப்பு நிறத்தில் அயோடின் மருந்து. கொஞ்சம் எரியும், ஆனால் கிருமி வராமல் காப்பது அதுதான், தவிர்க்க முடியாது. இமை மூடாமலிருக்கச் சின்னக் கம்பி வைப்போம். “கீழே உங்கள் கால் கட்டைவிரலைப் பார்க்கிற மாதிரி பாருங்கள்” என்போம். கருவிழி விளிம்பிலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைவிழியில், தலைமுடிபோல மெல்லிய ஊசி. போகிற மருந்து ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது. ஒரு அழுத்தம் தெரியும். நீங்கள் மூச்சை இழுத்து விடுவதற்குள் முடிந்துவிடும். ஊசி வருவது கண்ணுக்குத் தெரியாதா என்று கேட்பார்கள். பக்கவாட்டிலிருந்து வருவதால் தெரியாது.

அன்றும் மறுநாளும் கண்ணில் உறுத்தல் இருக்கலாம், கறுப்புக் குமிழ் ஒன்றிரண்டு மிதக்கலாம், வெள்ளைவிழியில் ஒரு ரத்தத் திட்டு தெரியலாம். இதெல்லாம் போய்விடும். கண்ணைத் தேய்க்காதீர்கள். தலைக்குக் குளிப்பதைச் சில நாள் ஒத்திப்போடுங்கள். விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால் என்று வீட்டுப் பெரியவர்கள் எதை எடுத்துக்கொண்டு வந்தாலும், அவர்கள் மனம் நோகாமல் வாங்கிக் கீழே வைத்துவிடுங்கள். கண்ணுக்குள் விடாதீர்கள். நாளாக ஆகக் குறைய வேண்டிய வலி கூடிக்கொண்டு போனாலோ, சிவப்பு ஏறினாலோ, பார்வை மங்கினாலோ காத்திருக்கவே கூடாது. கண்ணுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். ராத்திரி ரெண்டு மணியானாலும் வந்துவிடுங்கள். திரை இறங்கினாற்போல ஒரு பக்கம் மறைந்தாலும், மின்னல் வெட்டினாற்போல ஒளி தெரிந்தாலும் அப்படித்தான். நோய் அரித்த விழித்திரை பழந்துணி மாதிரி, ஓட்டை விழுந்து கழன்றுவிடலாம். சீக்கிரம் வந்தால் அறுவை சிகிச்சையில் மறுபடி ஒட்டவைக்கப் பார்க்கலாம்.

கண்ணுக்குள் போட்டால் உடம்பு முழுக்க மருந்து ஏற்ற வேண்டாமே என்று தையல்காரரின் மனைவி கேட்டார். இடது கண்ணில் போட்ட ஊசி இடது கண்ணுக்கு மட்டும்தான். வலது கண்ணில் இருந்த அந்தச் சின்னத் திட்டு? குடல், நுரையீரல் என்று வைரஸ் வேறெங்காவது கிளம்பினால்? அதற்கு மாத்திரையோ நரம்பு ஊசியோ வேண்டும்.

எப்போது நிறுத்தலாம்? கூட்டு மருந்து எடுக்கிறவர்களுக்கு, சி.டி.4 எண்ணிக்கை 100-க்கு மேல் ஏறி மூன்றிலிருந்து ஆறு மாதம் நிலையாக நின்று, கண்ணிலும் நோய் அடங்கியிருந்தால் நிறுத்திப் பார்க்கலாம். டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. எதிர்ப்புச் சக்தி ஏறும்போது, சிலருக்குக் கண்ணுக்குள் அழற்சி வந்து பார்வை புகைபோல மங்கும். மறுபடி விழித்துக்கொண்ட காவல்காரன் வீட்டுக்குள் தடியைச் சுழற்றுகிற கதை. அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது. “கூட்டு மருந்தால்தான் கண் கெட்டது” என்று அதை நிறுத்திவிட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

தையல்காரரிடம் நான் ஒரு வேலை கொடுத்திருந்தேன். வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் மாட்டியிருக்கிறது. காலையில் தேதி கிழித்ததும், கைக்கெட்டும் தூரத்தில் நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அந்தப் பெரிய எண்ணையே பார்க்க வேண்டும். எண் கோணலாகிறதா, சுற்றியிருக்கிற எழுத்தில் எங்காவது ஓட்டை விழுகிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு மறு கண். இரண்டு கண்ணையும் சேர்த்துத் திறந்து பார்த்தால், நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடி மறைத்துவிடும். இது கைகாவலுக்குத்தான், டாக்டர் பார்ப்பதற்கு ஈடாகாது. விழித்திரையின் ஓரத்தில் நோய் இருந்தால் காலண்டரில் தெரியாது. சி.டி.4 50-க்குக் கீழே இருக்கிறவர்கள், கண்ணில் எந்தக் குறையும் தெரியாவிட்டாலும், பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

அவருக்கு இடது கண்ணின் நடுப்பார்வை திரும்பவில்லை. மருந்து தொடங்குவதற்கு முன்பே போன இடம் அது, அதை முதல் நாளே சொல்லிவிட்டேன். வலது கண்ணில் திட்டு இருந்த இடத்தில் இப்போது வெறும் தழும்பு. மருந்தை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார். நூல் கோக்க மட்டும் மகளைக் கூப்பிடுவாராம். “அவ பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னால பத்து ஊசில கோத்து வெச்சுட்டுப் போயிருவாளுங்க” என்றார்.

விழித்திரைப் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாவையை விரிக்க மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்துப் படிக்க வராது. வண்டியில் தனியாக வராதீர்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பழைய சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். கூட வருகிறவருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் முதலிலேயே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.